இருபத்துநான்கு மணி ஐம்பது நிமிடம்

பிச்சாவரத்துச் சேற்றில் பிடித்த பன்னிரண்டு நண்டுகள் கோவையில், சன்னலே இல்லாத ஆய்வறைத் தொட்டியில், மாறாத மங்கல் வெளிச்சத்தில் ஒரு மாதம் இருந்தன. அவற்றின் நடமாட்டத்தைக் கருவி பதிவுசெய்தது. ஆய்வு மாணவி ரெக்சலின் அதை 'ஆர்' என்ற மென்பொருளில் ஹீட்மேப் என்னும் வண்ண வரைபடமாக வரைந்தாள். கிடை அச்சில் இருபத்துநான்கு மணி, நெடு அச்சில் நாட்கள். நடமாட்டம் மிகுந்த நேரங்கள் இரண்டு சிவப்புப் பட்டைகளாக, நாளுக்கு நாள் வலப்பக்கம் சரிந்துகொண்டே போயின.

"கருவியோட கடிகாரம் வேகமா ஓடுதும்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார் நெறியாளர் தணிகைவேல்.

ரெக்சலினுக்கு மனம் வரவில்லை. கடிகாரத்தைச் சோதித்தாள், சரியாகத்தான் ஓடியது. சரிவை அளந்தாள், தினமும் ஐம்பது நிமிடம். கிடை அச்சை அந்த ஐம்பது நிமிடம் நீட்டி, கடைசிக் குறியை அங்கே வைத்து, ஒவ்வொரு வரிசையும் அதில் முடியும்படி மறுபடி வரைந்தாள். பட்டைகள் இரண்டும் தூண்களாக நிமிர்ந்தன. பிச்சாவரத்தில் கடல் நாளுக்கு இருமுறை வற்றும், அந்த நேரமும் தினம் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அந்த இரண்டு நேரங்களையும் குறிகளாகப் போட்டாள். இரண்டும் தூண்களின் அடியிலேயே விழுந்தன.

"இங்க கடலே இல்லையேம்மா" என்றார் தணிகைவேல். குரல் இறங்கியிருந்தது.

"அதுங்களுக்கு இருக்கு சார்."

அன்று மூன்றே காலுக்கு அங்கே கடல் வற்றும். இருவரும் தொட்டியின் முன்னால் போய் நின்றார்கள். மூன்றே காலுக்கு ஒரு நண்டு தொட்டிச் சேற்றில் தோண்டிய வளையைவிட்டு வெளியே வந்தது. பின்னாலேயே மற்றவை. முதலில் வந்தது தன் பெரிய கொடுக்கை உயர்த்தி, தொலைவில் யாரையோ கூப்பிடுவதுபோல் அசைத்தது.