முழுசா மிதி

முதல் கியர் போடும்போது வண்டி மறுபடியும் கரகரவென்று அலறியது.

"முழுசா மிதி," என்றார் வாத்தியார்.

"முழுசாத்தாங்க மிதிக்கிறேன். இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துடும்," என்றாள் மனைவி.

ஓட்டுநர் தேர்வுத் திடலின் வாசலில், அவர்களுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு வண்டிதான் நின்றது.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவருக்கு வாத்தியார் என்று பெயர். மீதிப் பேர் பஸ்ஸில் போனார்கள்.

பயிற்சி வண்டிக்கு இரட்டைப் பெடல். கற்பவர் காலடியில் ஒரு ஜோடி, பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில் இன்னொரு ஜோடி. அடியில் கம்பி கோத்திருப்பதால் ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே இறங்கும். பிரேக்கை மட்டும் வாத்தியார் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். கிளட்சை அவர் தொடவே மாட்டார். நான் மிதித்துக்கொண்டே இருந்தால் உங்கள் கால் எப்போது பழகும் என்பது அவர் கட்சி.

கோளாறு இந்த ஒரு மாதமாகத்தான். கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. முதல் கியர் உறுமியது. ரிவர்ஸ் பல்லை நறநறவென்று கடித்தது. கற்க வந்தவர் யாராக இருந்தாலும் இதே பாட்டுதான்.

மெக்கானிக் கேபிளை இறுக்கிப் பார்த்தார். பிறகு கேபிளையே மாற்றினார். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வாத்தியாரை வெளியே நிறுத்திவிட்டு, தானே ஒரு சுற்றுப் போய் வந்தார். கியர் சத்தம் காட்டாமல் போய் உட்கார்ந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல வாத்தியாரே. இனிமே உங்ககிட்ட கத்துக்க வர்றவங்களத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

வாத்தியாருக்கும் அது நியாயமாகவே பட்டது. வண்டியில் குறை இல்லையென்றால் குறை காலில்தான். இந்த மாதம் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் கால் வலு போதாது என்று முடிவு கட்டினார். அதில் ஒருவர் கால்பந்து ஆட்டக்காரர் என்பது அந்த முடிவை அசைக்கவில்லை.

மனைவிக்கோ இந்தத் தேர்வு விளையாட்டில்லை. மருந்துக் கடை டெலிவரி வேனுக்கு அவளை ஓட்டுநராகக் கேட்டிருந்தார்கள். நாளை தேறிய சீட்டோடு போனால் வேலை அவளுக்கு; இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அதனால் இன்று காலை அடுப்படியில் தோசைக்கரண்டியும் கையுமாக நின்றபோதுகூட, இடது காலால் தரையை அழுத்தி அழுத்திப் பழகினாள்.

"தரை நல்லா இறங்குது. கிளட்ச்தான் இறங்கல," என்று கிண்டல் செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார் வாத்தியார்.

திடலுக்குள்ளிருந்து அதிகாரி கையசைத்தார்.

வாத்தியார் காலடியில் துழாவி, ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினார். போன மாதம் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது, நல்ல கனம். தானே ஓட்டும்போது ஷூவோடு ஓட்டுவார். கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் மட்டும் கழற்றிவிடுவார். வெறுங்காலில்தான் வண்டியின் நாடி பிடிபடுமாம்.

அவர் இடத்தில் அதிகாரி ஏறி உட்கார்ந்தார்.

வேலிக்கு வெளியே நின்ற வாத்தியார், அலறல் கேட்கும் முன்பே முகத்தைச் சுளித்து வைத்துக்கொண்டார்.

அலறல் வரவில்லை.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், நிறுத்தம், ரிவர்ஸ். பூனை வீட்டுக்குள் வந்து போன மாதிரி இருந்தது. அதிகாரி சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, யாரிடம் கற்றாய் என்று கேட்டார். அவள் வேலிப் பக்கம் காட்டினாள். வாத்தியார் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

வண்டி வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வழக்கமான மூலையில் தள்ளினார்.

"திட்டினாத்தான் உனக்குக் கால் இறங்குது. கிளம்பு."

அவள் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டாள். கரகர.

"பாத்தியா, சீட்டு கைக்கு வந்ததும் காலத் தூக்கிட்ட."

அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள். "நீங்களே ஓட்டுங்க."

இதற்கென்ன என்று வாத்தியார் வெறுங்காலோடேயே இறங்கி, மண்ணில் சுற்றி வந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அவள் மறுபக்கம் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தாள்.

கிளட்சை மிதித்தார். கியரைத் தள்ளினார்.

கரகர.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற பயிற்சிப் பள்ளி வாத்தியார்களும் பார்த்தார்கள். அவர் இருக்கையிலிருந்து பாதி எழும்பி மறுபடியும் மிதித்தார். இந்த முறை வண்டி இன்னும் சத்தமாக அலறியது. அதிகாரிகூட எட்டிப் பார்த்தார்.

காலை வசதியாக வைத்துக்கொள்ள அவள் கீழே குனிந்தாள்.

அந்தப் பக்கத்துக் கிளட்சுக்கு நேர் கீழே, புது ஷூ இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவர் மிதிக்க மிதிக்க, பெடல் இறங்கி வந்து ஷூவின் தலையில் முட்டி, அதோடு நின்றது.

அவளுக்கு அடுப்படித் தரை ஞாபகம் வந்தது. பாவம், அந்தக் கால்பந்து ஆட்டக்காரரும் ஞாபகம் வந்தார்.

ஷூவில் பட்டுவிடாதபடி தன் கால்களைப் பதமாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"முழுசா மிதிங்க," என்றாள்.