வெள்ளிப் பிடி

அந்தக் கைத்தடியை அவளுக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

வெள்ளிப் பிடி. கருங்காலி மரம். ஜமீன்தார் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. இந்த மாதிரித் தடிகளுக்குள் கத்தி ஒளித்திருப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். விமான நிலையத்தில் எட்டு வருஷமாகப் பெண்களைச் சோதிக்கிறாள். இதுவரை ஒரு கத்தியும் அகப்பட்டதில்லை. ஆசை மட்டும் விடவில்லை.

தடிக்காரர் ஆண்கள் வரிசையில் நின்றார். தடியை எக்ஸ்ரே பெல்ட்டில் வைத்தார்.

திரையில் பிடியைத் தவிர வெறும் மரம்தான் தெரிந்தது.

ஆனால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அதுவரை விந்தி விந்தி வந்த மனிதர், தடி கையை விட்டதும் பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவர்போல் விறுவிறுவென்று போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இல்லாத நொண்டலை இழுத்துக்கொண்டு திரிகிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

சக்கர நாற்காலியும் கேட்கவில்லை. பிறகு எதற்கு இந்த வேஷம்?

பெண்கள் வரிசையில் அடுத்து அவருடைய மனைவி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பட்டுப்புடவை. வரிசை பிரிகிற இடம்வரை கணவரின் முழங்கையைப் பிடித்தபடியே வந்தவர்.

இப்போது பிடிக்க ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் உலோகச் சோதனை வாசலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார். அதோடு நின்றுவிட்டார். சோதனைத் தட்டிக்கு இன்னும் ஆறடி.

அவள் எதிரே போனாள். அந்த அம்மாளின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"பின்னால மாப்பிள்ளையோட அம்மா நிக்கிறாங்க. நாளைக்கு மும்பையில நிச்சயதார்த்தம். என் இடுப்புக் கோளாறைப் பார்த்தா, பொண்ணுக்கும் வந்துருமோன்னு நினைப்பாங்க. நான் நடக்கிறது தெரியக் கூடாதும்மா."

கிசுகிசுவென்று அவ்வளவுதான் சொன்னார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

சந்தேகப்பட்டவளை இழுத்துப் போகிறமாதிரி அந்த அம்மாளின் தோளை அணைத்துப் பிடித்தாள். தட்டிக்குள் கொண்டுபோனாள். கையை விரித்து நிற்கச் சொல்ல மனம் வரவில்லை. தன் தோளில் ஊன்றிக்கொள்ளச் சொல்லி, குனிந்து சோதித்தாள். கனம் முழுதும் தோளில் இறங்கியது.

பிறகு தட்டிக்கு வெளியே தலையை நீட்டினாள். வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"சார், தடி வச்சிருக்கவர், கால் முடியாம இப்படித் தனியாப் போகலாமா? இங்க வாங்க. அம்மா, அவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

தடியை எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நொண்டிக்கொண்டே வந்தார்.

இருவரும் மெதுவாகப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டிக்குள் வந்து கைகளை விரித்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொடுத்து வச்ச மனுஷன். அந்தம்மா எப்படித் தாங்கிக் கூட்டிட்டுப் போறாங்க பாருங்க. இந்த வீட்டுப் பொண்ணை எடுக்க யோசிக்கணுமா?"

அவள் குனிந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுடைய முழங்கால்களைக் கொஞ்சம் அதிக நேரம் தடவிப் பார்த்தாள்.

இரண்டிலும் வலிப் பட்டை கட்டியிருந்தது.