திங்கட்கிழமை பாடா

மேல்மாடி பட்டாச்சார்யா ஒவ்வொரு கதவாகத் தட்டி, மற்ற குடித்தனக்காரர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதை வேலாயுதம் ஜன்னல் வழியே பார்த்தார்.

"பாத்தீங்களா, மனுஷன் சங்கம் சேக்குறாரு," என்றாள் மனைவி சுலோசனா. "நாம வீடு வாங்கி மூணு மாசம் ஆகல. குழாய் சொட்டுது, சுவர் ஊறுதுன்னு தினம் ஒரு புகார் சொல்றது அந்த ஆளுதான். இப்ப எல்லாரையும் கிளப்பி விடுறாரு."

நேற்றுவரை படியில் பார்த்தால் சிரித்தவர்கள், இன்று காலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். காரணம்தான் விளங்கவில்லை.

ஜாதவ்பூர் சந்து ஒன்றில் இருந்த அந்தப் பழைய வீட்டில் ஐந்து போர்ஷன். துறைமுகத்தில் ரிட்டயரான பணத்தையெல்லாம் கொட்டி வாங்கி, ஒன்றில் தான் குடியேறினார் வேலாயுதம். மற்ற நான்கிலும் இருந்தவர்களைக் கிளப்ப மனசு வரவில்லை. வாடகையோ அந்தக் காலத்து வாடகை. தண்ணி மோட்டாரின் கரண்ட் பில்லுக்கே அது சரியாகப் போனது.

"வாடகையை ஏத்திக் கேளுங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க," என்று ஆரம்பித்தாள் சுலோசனா.

"ஒழுகுற வீட்டுக்கு எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஏத்திக் கேக்குறது? முதல்ல ரிப்பேரை முடிப்போம்."

"வெளிச்சுவரு பூசுறதோட கையில இருக்கிறது தீந்துடும். மொட்டைமாடி ஒழுகலுக்கு எங்க போவீங்க?"

வேலாயுதம் மேஸ்திரி எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

சாயங்காலம் சால்ட் லேக் ஆபீஸிலிருந்து மகள் தமிழரசி வந்தாள். "அப்பா, மாடிப்படியில எல்லாரும் உங்களைப் பத்திதான் பேசுறாங்க. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொன்னேன்? சுவர் பூசத் திங்கட்கிழமை சாரம் ஏறும்னேன். 'ஷோம்பார் பாடா உட்பே'ன்னு. மேஸ்திரிதான் அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்தாரு."

தமிழரசி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, சாரத்துக்கு 'பாரா'ப்பா! 'பாடா'ன்னா வாடகை! திங்கட்கிழமை வாடகை ஏறும்னு வீடு வீடாப் போய் அறிவிச்சிருக்கீங்க!"

முப்பது வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டியும் வேலாயுதம் பேசும் வங்காளி மீன் மார்க்கெட்டைத் தாண்டவில்லை.

"நல்லதாப் போச்சு. தானா வர்றதை ஏன் விடணும்? பேசாம இருங்க," என்றாள் சுலோசனா.

"போய் விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று அவர் சட்டையை மாட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. பட்டாச்சார்யா. கையில் ஒரு காகிதம்.

வேலாயுதத்துக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி வங்காளியில் பேசினார். "வேலாயுதம் பாபு, பேசி முடிவு பண்ணிட்டோம். திங்கட்கிழமையிலிருந்து நாலு வீட்டு வாடகையும் ஒன்றரை மடங்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

சுலோசனா பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். அந்தப் பணம் வந்தால் மொட்டைமாடியைச் சரிசெய்துவிடலாம். வேலாயுதத்துக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும், தான் உளறிய ஒரு வார்த்தைக்கு நாலு குடும்பம் தண்டம் அழுவதா?

"தப்பு என்னோடது. நான் வாடகையைச் சொல்லவே இல்ல, சாரத்தைத்தான் சொன்னேன். வாய் தவறிப்போச்சு. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க," என்றார். சொன்னபிறகுதான் மனசு லேசானது.

பட்டாச்சார்யா கிழிக்கவில்லை. மாடிப்படியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இருபது வருஷமா இந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்ச ஆள் கிடையாது. நீங்க வந்துதான் குழாயை மாத்தினீங்க. வாடகை கூடுதலாக் கேக்க உங்களுக்கு வாய் வராது. தானாக் குடுக்க எங்களுக்குக் கை வராது. அதான், ஏறப்போறது வாடகைதான்னு நானே எல்லாருக்கும் அடிச்சுச் சொல்லிட்டேன்."

வேலாயுதம் விழித்தார். "அப்ப, நான் சாரத்தைச் சொன்னேன்னு உங்களுக்கு..."

"முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல வங்காள இலக்கணம் நடத்தினவன் நான். வாசல்ல சாரம் கட்ட மூங்கிலை இறக்கி வச்சுக்கிட்டு நீங்க 'பாடா'ன்னு சொன்னா, அது 'பாரா'ன்னு எனக்குத் தெரியாதா, வேலாயுதம் பாபு?"