கேட்டுப் பூட்டும் லைவ் போனும்

ஒரு சர்ச் கேட்டில் தொங்கிய பூட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எரிச்சல். ஆராதனையைப் போனில் லைவ் போட ஆரம்பித்ததிலிருந்து சபையார் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். தெருவில் கோலமாவுக்காரர் கூவியது ஒருநாள் லைவில் கேட்டுவிட்டதாம்; யாரும் உள்ளே வந்து கூவக் கூடாதென்று பாஸ்டர் கேட்டையும் பூட்டச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிறு, அந்தச் சபையின் தபீத்தா அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அவனுக்கு ஆபரேஷன். பாஸ்டர் அவன் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா பூட்டைப் பிடித்து ஆட்டினார். உள்ளே கீபோர்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் தன் போனில் லைவைத் திறந்து அதன் கமெண்டிலேயே எழுதினார்: "பையனோட கேட் கிட்ட நிக்கிறேன். பூட்டியிருக்கு. யாராவது சாவி கொண்டுவாங்க."

"டேய் போனு! அக்கா எழுதினது வந்துச்சா?" என்று பூட்டு கத்தியது.

"வந்துச்சே! அதுக்குள்ள முந்நூறு ஆமென்!" என்றது உள்ளே ஸ்டாண்டில் நின்று லைவ் எடுத்துக்கொண்டிருந்த போன்.

"அட லூசு, சாவி வருதான்னு சொல்லு!"

"அதெல்லாம் தெரியாது. அட்மின் அவர் வீட்டுல இருந்து ஹார்ட் போட்டிருக்காரு."

அரை மணி நேரம் கழித்து தபீத்தா இன்னொன்று எழுதினார்: "பரவாயில்ல பாஸ்டர். நாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம்."

"ஏய் பூட்டு," என்று குதித்தது போன், "இதுக்கும் அறுபது ஆமென்!"