முதல் சும்மாடு

“வரிசையை மீறினா மனுஷனா இருந்தா இன்னா, கழுதையா இருந்தா இன்னா, அடிதான்!”

லோகநாயகி துடுப்பை ஓங்கினாள். ஊற்றுக்குழியில் வாயை வைத்திருந்த கழுதை முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு, நொண்டியபடி மணல்மேட்டுப் பக்கம் போனது.

பசியாவரத்தில் குடிக்க அந்த ஒரு குழிதான். சுற்றிலும் ஏரி, அத்தனையும் உப்பு. கோடையில் குழிக்குள் தண்ணீர் ஊறுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் ஊரில் ஒரு முறை இருந்தது. வருகிறவள், தலையில் குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாட்டை எடுத்து மணலில் வைத்துவிட வேண்டும். சும்மாட்டு வரிசைப்படிதான் தண்ணீர். வைத்துவிட்டு மீன் விற்கப் போனாலும் இடம் போகாது.

“ஏன்க்கா அதைப் போட்டு அடிக்கிறே?” என்றாள் செல்வம்மாள். “சும்மாடு வெச்சுட்டுத்தான் வரணும்னா, பாவம், கழுதைக்குக் கை ஏது?”

பெண்கள் சிரித்தார்கள். லோகநாயகி சிரிக்கவில்லை.

“சிரிங்கடி. உங்க ஊட்ல பச்ச உடம்புக்காரி இல்ல. ஒரே மூச்சுல ரெண்டு குடம் உறிஞ்சிடுது அது.”

அவள் மகள் குணசுந்தரி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்குத் தொப்புள்கொடி இன்னும் காய்ந்து விழவில்லை. எவ்வளவு குடித்தாலும் குணசுந்தரிக்குத் தாகம் அடங்கவில்லை. அவள் குடித்தால்தான் பிள்ளைக்குப் பால்.

கழுதை யாருடையதும் இல்லை. ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குத் துணி வெளுக்க மழைக்காலம் முடிந்ததும் வந்தவர்கள், அதன் பின்னங்கால் நொண்டியதும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“நாய் விடிகாலைல படகு மேல இருக்கிற பனியை நக்குது. ஆடு தழையைத் தின்னு சமாளிக்குது. கடல்காக்கை உப்புத் தண்ணியவே குடிச்சிட்டு, உப்பை மூக்கு வழியா சொட்டு சொட்டா வுட்டுடுது. எல்லாம் ஒரு வழி வெச்சிருக்கு. இதுக்கு மட்டும் நம்ம குழிதானா?” என்று புருஷனிடம் பொரிந்தாள் லோகநாயகி.

“அது தெனமும் வர்றதில்லையே. இன்னிக்குக் குடிச்சா நாளைக்கு வராது,” என்றான் தேசப்பன்.

“ரெண்டு நாளைக்கும் சேத்துக் குடிச்சிடுதே! யோவ், அடுத்த தபா வந்தா, தோணியில ஏத்தி அக்கரையில வுட்டுட்டு வா.”

“அங்க நரி இருக்கு. இது நொண்டி வேற.”

“இங்க என் பேரன் இருக்கான்.”

தேசப்பன் ஒரு கயிற்றை எடுத்து வைத்தான்.

கழுதை மறுபடி வந்த காலையில் லோகநாயகி துடுப்போடும் தேசப்பன் கயிறோடும் நின்றிருந்தார்கள். அது குழிக்குள் மூக்கை நீட்டி முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. குடிக்காமல் திரும்பிப் போனது.

“பாத்தியா, பயம்!” என்றாள் லோகநாயகி. “கயிறே வேணாம், போ.”

அன்றைக்கு முதல் குடம் அவளுடையது. வீட்டில் குணசுந்தரி ஒரு மடக்கு வாயில் ஊற்றிய வேகத்தில் துப்பினாள்.

“இன்னாம்மா, ஏரித் தண்ணிய மொண்டுட்டு வந்துட்டியா?”

லோகநாயகி வாயில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. குழியில் உப்பு ஏறிவிட்டிருந்தது.

ஆண்கள் அங்கங்கே தோண்டினார்கள். எங்கே தோண்டினாலும் உப்பு. கோட்டைக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய தோணி ஒன்று ஏரியில் போனது. அதிலிருந்து ஒரு சொட்டும் இந்தப் பக்கம் வராது.

“தோணிங்கள அவுருங்க. வெயில் ஏர்றதுக்குள்ள எல்லாரும் அக்கரைக்குப் போயிடலாம்,” என்றார்கள். “தண்ணி கெடைக்கிற எடத்துல தங்கிக்கலாம்.”

“பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டா?” என்றாள் லோகநாயகி. ஆண்கள் தோணிகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

அவள் பார்வை கீழே போனது. குழியோரத்து மணலில் கழுதையின் குளம்படிகள். பயந்திருந்தால் ஓடியிருக்கும். இது நிதானமாக நடந்து போயிருக்கிறது. குடிக்கிற நாளில் குடிக்காமல் எங்கே போகிறது?

துடுப்பை எடுத்துக்கொண்டு, தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

மணல்மேட்டுக்குப் பின்னால், தாழம்புதர் ஓரத்தில், கழுதை முன்னங்காலால் மணலைப் பறித்துக்கொண்டிருந்தது. பறித்தது, முகர்ந்தது, மறுபடி பறித்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நின்றது. ஏன் நிற்கிறது என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. ஊறுவதற்காக நிற்கிறது.

பள்ளத்தில் தண்ணீர் மின்னியது. கழுதை குனியப்போனது. அப்போது அவளைப் பார்த்துவிட்டது. அவள் கையில் இன்னும் துடுப்பு இருந்தது. வாயை நனைக்காமலே பின்வாங்கி ஒதுங்கி நின்றது.

லோகநாயகி துடுப்பைக் கீழே போட்டாள். தள்ளிப்போய் உட்கார்ந்தாள். ஊற ஊறக் கழுதை குடித்து முடிக்கும்வரை அசையவில்லை. பிறகுதான் போய்க் கையால் அள்ளி வாயில் வைத்தாள்.

நல்ல தண்ணீர்.

அவிழ்த்த தோணிகளை மறுபடி கட்டினார்கள். ஆண்கள் அந்தப் பள்ளத்தை அகலமாக, ஆழமாகத் தோண்டினார்கள். குணசுந்தரி ஒரு சொம்பை அப்படியே கவிழ்த்துக்கொண்டு, “இன்னும் ஊத்து,” என்றாள்.

ஒரு நாள் விட்டு மறுநாள் விடியலில் செல்வம்மாள்தான் முதல் ஆளாக வந்ததாக நினைத்தாள். ஆனால் புதுக்குழி ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு சும்மாடுகள் இருந்தன. இரண்டாவது லோகநாயகியுடையது. அவள் பக்கத்திலேயே குடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“முதல்ல இருக்கிறது யாருது? ஆளையும் காணோம், கொடத்தையும் காணோம்,” என்று செல்வம்மாள் அதை ஓரமாக எடுத்துப் போடக் குனிந்தாள்.

“கையை எடுடி,” என்றாள் லோகநாயகி. மணல்மேட்டுப் பக்கம் நொண்டல் நடை கேட்டது. “அதுக்குக் கை ஏதுன்னு நீதானே கேட்டே? அதான் நான் வெச்சேன்.”