ஈயம் என்றால்

வெப்பமானி இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. சட்டியில் கிடந்த கட்டி இடித்த புளி மாதிரி அசையாமல் இருந்தது.

அடுப்பில்தான் கோளாறு என்று தம்பி அக்காவைக் கூப்பிட்டிருந்தான். பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பட்டறை அவனுடையது. அக்கா கல்லூரி லேபில் வேலை பார்ப்பவள்.

அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. பூசுகிற வெள்ளீயம் இருநூற்று முப்பத்திரண்டிலேயே உருகிவிடும். லேப் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையைப் பார்க்காமலே அவள் சொல்வாள்.

மேசையில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து வளைத்தாள். வெள்ளீயம் வளையும்போது நறநறவென்று சத்தம் போடும். இது ஊமையாக வளைந்தது. தாளில் தேய்த்தாள். பென்சில் போலக் கோடு விழுந்தது.

காரீயம். சுத்த விஷம்.

மூலையில் குழந்தைகள் காப்பகத்தின் பால் பாத்திரம் பளபளத்தது. உருகவில்லையே என்று கையிருப்பிலிருந்த பழைய வெள்ளீயத்தையும் கலந்து உருக்கி, உள்ளே பூசியே முடித்திருந்தான். மதியம் எடுக்க வருவார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளின் பாத்திரம், சரக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று, லேபுக்குப் பொருள் தரும் கடையில் சொல்லி ஈயம் அனுப்பவைத்தவளே அவள்தான்.

“நான் வாங்கிக் குடுத்ததை வித்துட்டு, இந்தக் கண்றாவிய எங்கடா பொறுக்கிட்டு வந்தே? பால் குடிக்கிற பிள்ளைங்கடா!”

தம்பி வாயைத் திறந்தான். கன்னத்தில் ஒன்று விட்டாள். வாசலில் நின்ற அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அடுப்பை அணைத்தான்.

திருட்டை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்காமல் விடுவதில்லை என்று, அங்கேயே கடைக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள். போன வாரம் என்ன அனுப்பினீர்கள் என்று அதட்டினாள்.

“நீங்க ஈயம்னுதானே மேடம் சொன்னீங்க? உங்க லேபுக்கு எப்பவும் போற அதே ஈயம்தான்.”

பட்டறையில் ஈயம் என்றால் வெள்ளீயம். லேபில் ஈயம் என்றால் காரீயம். பட்டறை வீட்டில் பிறந்தவள், லேப் கடையில் போய் வீட்டுப் பேச்சைப் பேசியிருக்கிறாள்.



தம்பி அவள் கையிலிருந்து போனை வாங்கினான். காப்பகத்துக்கு அவனே பேசினான். சரக்கைப் பார்க்காமல் பூசிவிட்டேன், தப்பு என்னுடையதுதான், பாத்திரம் இன்றைக்கு வராது என்றான்.

அதற்கும் அவளுக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது.