இடப்பக்கம்

முதல் சுற்று முடிய அரை நிமிடம் இருக்கும்போது அந்தக் குத்து விழுந்தது.

இடது கண்ணுக்குள் மின்னல் வெட்டியது.

பிறகு ஓரத்திலிருந்து கருப்பாக ஏதோ இறங்கியது. இமைத்துப் பார்த்தான். போகவில்லை.

மணி அடித்தது.

மூலையில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கயிற்றுக்கு வெளியிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, சரிதானே என்று சைகையால் கேட்டார்.

அவன் தலையாட்டினான்.

இன்னும் பத்தொன்பது நாளில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடிகிறது. தோளில் நட்சத்திரம் குத்திவிட அப்பாவும் அம்மாவும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கண்ணில் கோளாறு என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும், உடல்தகுதியை முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு. போர்டுக்குப் போனவர்கள் யாரும் தங்கள் பேட்ச்சோடு அதிகாரியாக வெளியே வந்ததில்லை. சிலர் அதிகாரியாகவே ஆகவில்லை.

அவனுடைய பயிற்சிப் பிரிவான கம்பெனியின் பையன்கள் எண்பது பேரும் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கம்பெனிகளும் சம புள்ளியில் நின்றன. இதுதான் கடைசிச் சண்டை. இதில் ஜெயிப்பவனின் கம்பெனிக்கு இந்த வருஷத்துக் கொடி.

எதிர் மூலையில் ரெக்ஸன்.

தூத்துக்குடிக்காரன். இருவரும் ஒரே ரயிலில் வந்து அகாடமியில் சேர்ந்தவர்கள். முதல் வாரம் இந்திக் கட்டளை புரியாமல் ஒன்றாகவே தண்டனை ஓட்டம் ஓடினார்கள். கம்பெனி வேறாகிப் போனது. எடை மட்டும் ஒன்று. அதனால் எதிரெதிரே நிறுத்தினார்கள்.

இரண்டாம் சுற்று.

ரெக்ஸனின் வலது கை வருவதே தெரியவில்லை. காதோரத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அடுத்ததும் அப்படியே.

பின்வாங்கினான். முதுகில் கயிறு உரசியது.

இனிப் பின்னால் இடமில்லை.

பாய்ந்து ரெக்ஸனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். காதில் மூச்சு அடித்தது. வாய்க்குள் இருந்த பல்காப்பு ரப்பரைக் கடித்தபடியே ரெக்ஸன் கேட்டான்.

“ஏல, இந்தப் பக்கம் தெரியலயா ஒனக்கு?”

அவன் பிடியை இறுக்கினான்.

நடுவர் பிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ரெக்ஸனின் வலது கை எழவே இல்லை.

இடது கையால் மட்டும் அடித்தான். அவனுடைய கண் தெரிந்த வலப்பக்கத்தில். அதையும் மெதுவாக, தடுக்க நேரம் கொடுத்து.

மூன்றாம் சுற்றில் அதுவும் நின்றது. ரெக்ஸன் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். ரெக்ஸனின் கம்பெனிக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

இருவருமே அடிக்காமல் நின்றால் நடுவர் சண்டையை நிறுத்துவார். டாக்டரைக் கூப்பிடுவார்.

ஆகவே அவன் அடித்தான்.

ரெக்ஸனின் உதடு கிழிந்தது. இன்னும் அடித்தான்.

கடைசியில் நடுவர் உயர்த்தியது அவன் கையைத்தான்.

தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பதக்கம் போட்டார்கள். தலைமை அதிகாரி பேசினார். ரிங்கில் ஒருவனைச் சில நிமிடம் நிறுத்திப் பார்த்தால் போதும், போரில் அவன் எப்படி இருப்பான் என்று தெரிந்துவிடும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

உடை மாற்றப் போகும்போது ஜிம்முக்குப் பின்னால் குழாயடியில் பேச்சுச் சத்தம் கேட்டது.

ரெக்ஸன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. எதிரில் அவனுடைய கம்பெனிக்குப் பொறுப்பதிகாரியான கேப்டன், கையில் நோட்டோடு. கேப்டன் வேலூர்க்காரர். கோபம் வந்தால்தான் தமிழ் பேசுவார்.

“கடைசி ரவுண்டுல கையே தூக்கலியே நீ. பயந்துட்டியா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? எண்பது பேரு உன்னை நம்பி உக்காந்திருந்தாங்கப்பா.”

கேப்டன் நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

“போராடுற குணம் இல்லன்னு எழுதப் போறேன். ஆறு மாசம் ஜூனியர் பேட்ச்சோட மறுபடி ஓடு. ஏதாவது காரணம் இருந்தா இப்பவே சொல்லிடு.”

“காரணம்லாம் ஒண்ணுமில்ல சார்.”

அப்போதுதான் ரெக்ஸன் அவனைப் பார்த்தான். கேப்டனுக்குத் தெரியாமல் லேசாகத் தலையை அசைத்தான். போய்விடு என்று.

அவன் திரும்பி நடந்தான்.

கண்ணில் அந்தக் கருப்பு இப்போது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தான். தாழ்வாரத்தின் தரை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது. ஆனாலும் பத்தொன்பது நாள் ஒற்றைக் கண்ணால் சமாளித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவனும் சொல்ல மாட்டான்.

ரெக்ஸன் வீட்டிலும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அதே ரயிலில்தான்.

பத்தடி நடந்திருப்பான்.

திரும்பி வந்து கேப்டன் முன்னால் விறைத்து நின்றான்.

“எனக்கு இடது கண்ணு தெரியல சார். அது இவனுக்குத் தெரியும்.”

“பொய் சொல்றான் சார்,” என்றான் ரெக்ஸன்.

கேப்டன் அவனுக்கு இடப்பக்கமாக நகர்ந்தார். பூட்ஸ் சத்தம் மிக அருகில் வந்து நின்றது. அங்கே அவர் என்ன செய்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை ஆட்டிக் காட்டியிருக்கலாம். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அவன் இமைக்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.

பேனா தாளில் உரசும் சத்தம் வரவே இல்லை. வெகுநேரம் கழித்து, அதை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.